முதலில் ரம்பம், அப்புறம் வாள்!

உங்கள் கையில் ஒரு நிஜ வாளைக் கொடுத்தால் முதலில் எதை வெட்டுவீர்கள்?

அவசரமில்லை, யோசித்து வையுங்கள். சில வாரங்களாகக் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தர்பூசணி என்றார் ஒருவர். வாழைமரம் என்றார் இன்னொருவர். தலையணை என்றாள் ஒரு சிறுமி. பஞ்சு பறப்பதைப் பார்க்க வேண்டுமாம். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் கொஞ்சமும் யோசிக்காமல் எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்!

ஒரு விஷயம் கவனித்தீர்களா? 'எதையும் வெட்ட மாட்டேன், சும்மா வைத்துக்கொள்வேன்' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. வாளின் குணம் அது. கையில் வந்த நிமிஷமே 'எதை வெட்டலாம்?' என்று நம்மைக் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரு சமூகம் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி வந்த கதை இது. சொந்தக்காரப் பையன் ஒருவன், காலேஜ் இரண்டாம் வருஷம். ஜப்பானிய அனிமேஷன் பைத்தியம். 'டெமன் ஸ்லேயர்' என்று ஒன்று வருகிறதே, அதில் ஒரு பையன் பெரிய பாறையையே வாளால் இரண்டாகப் பிளப்பான். அதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு 'கதானா' வாங்கிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான்.

"பெரியப்பா, இதை வெச்சு வெட்டிப் பழகணும். அதுக்கு மரத்துல ஒரு ஸ்டாண்டு செய்யணும். நல்ல ஆசாரி யாராவது தெரியுமா?"

"உதை வாங்குவே, போடா" என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம்தான் அந்த ஸ்டாண்டு என்னவென்று பார்ப்போமே என்று படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது நான் கட்சி மாறியிருந்தேன். வாள் கட்சிக்கு இல்லை, ஸ்டாண்டு கட்சிக்கு!

இந்த வாரம் அந்தக் கட்சியின் பிரசாரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

வெட்டுப் பயிற்சிக்கு ஜப்பானில் 'தமேஷிகிரி' என்று பெயர். தமேஷி என்றால் சோதித்துப் பார்ப்பது. கிரி என்றால் வெட்டு. இன்றைக்கு ஜப்பானில் அந்தப் பயிற்சிக்கூடங்களுக்குப் போனால் நீங்கள் பார்ப்பது இதுதான். தரையில் கனமான ஒரு மரக்கட்டை நிற்கும். அதன் தலையில் ஒரு முளை. அந்த முளையில் சுருட்டிக் கட்டி ஊறவைத்த பாய் ஒன்று செருகி நிற்கும். ஒருவர் வந்து குனிந்து வணங்குவார், வாளை உருவுவார், சாய்வாக ஒரு வீச்சு. பாயின் மேல்பாதி வழுக்கிக்கொண்டு கீழே விழும். மறுபடி வணக்கம். அவ்வளவுதான்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. 'ஆகா, என்ன ஒழுக்கம், என்ன அமைதி, என்ன கலை!' என்று நாமும் உருகலாம்.

ஆனால், அந்த முளையில் பாய்க்கு முன்னால் என்ன இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் வாள் ரசிகர்களுக்குக் கோபம் வருகிறது. "ஸார், அது கலை. அதைப் போய் ரத்தத்தோடு ஏன் முடிச்சுப் போடுறீங்க?" என்கிறார்கள். நானா முடிச்சுப் போடுகிறேன்? முடிச்சு முன்னாலேயே இருக்கிறது. இவர்கள்தான் அதன் மேல் பாயை விரித்து மூடப் பார்க்கிறார்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். 1603 முதல் 1868 வரை ஜப்பானை டோக்குகவா ஷோகுன்கள் ஆண்ட காலத்துக்கு எடோ காலம் என்று பெயர். உள்நாட்டுச் சண்டைகள் ஓய்ந்துவிட்ட காலம். சாமுராய்களின் இடுப்பில் இரண்டிரண்டு வாள். ஆனால் வெட்ட எதிரி இல்லை. வாங்கிய வாள் நல்ல வாள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிலர் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ராத்திரி நேரத்தில் தெரு முனையில் நின்று, வழியே போகிற யாராவது அப்பாவியை வெட்டிப் பார்ப்பது. இதற்கு 'த்ஸுஜிகிரி' என்று ஒரு பெயரே இருந்தது; தெருமுனை வெட்டு. ஒரு கொடுமைக்குத் தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்கு அது நடந்திருக்கிறது என்று அர்த்தம். அரசாங்கம் அதற்குக் கடும் தண்டனை விதித்துத் தடுத்தது.

ஆனால் அதே அரசாங்கம் வாள் சோதனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எடோவின் கோதென்மாச்சோ பகுதியில் பெரிய சிறைச்சாலை. அங்கே தலை வெட்டப்பட்டவர்களின் உடல்கள் வாள் சோதனைக்குப் போயின. மண்ணைக் குவித்து ஒரு மேடு கட்டுவார்கள். அதன் மேல் உடலைக் கிடத்தி, நகராமல் இருக்க மூங்கில் குச்சிகளை நட்டு அண்டைக் கொடுப்பார்கள். வாளின் வழக்கமான கைப்பிடியைக் கழற்றிவிட்டு, சோதனைக்கென்றே செய்த நீளக் கைப்பிடியை மாட்டுவார்கள். அப்புறம் ஒரு வீச்சு.

நம் மர ஸ்டாண்டின் முப்பாட்டன் அந்த மண்மேடுதான்!

இந்த வேலையைப் பரம்பரையாகப் பார்த்த குடும்பம் ஒன்று உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை குடும்பத் தலைவருக்கு ஒரே பெயர், யமாதா அசாயெமோன். வாளைச் சோதித்துச் சொல்ல அவர்களுக்குக் கட்டணம். செத்தவர்களின் ஈரலிலிருந்து மருந்து செய்து விற்றதில் அவர்களுக்குத் தனி வருமானம். இத்தனைக்கும் அவர்கள் அரசாங்கத்தின் நிரந்தர உத்தியோகஸ்தர்கள்கூட இல்லை. எஜமானன் இல்லாத 'ரோனின்' அந்தஸ்துதான். வேலை வேண்டும், ஆனால் வேலை செய்கிறவனைக் கிட்டே சேர்க்க மாட்டோம்... எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

சோதனை முடிவைச் சும்மா விடமாட்டார்கள். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வாளின் அடித்தண்டில் அதைத் தங்கத்தில் பொறித்துவைப்பார்கள். 'இரண்டு உடல்', 'மூன்று உடல்' என்று. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய உடல்களில் ஒரே வீச்சில் எத்தனை துண்டாயின என்ற கணக்கு அது. பைக்குக்கு மைலேஜ் எழுதுகிற மாதிரி! 1797-ல் எந்தக் கொல்லரின் வாள் எவ்வளவு நன்றாக வெட்டும் என்று தரவரிசை போட்டு ஒரு புத்தகமே வந்தது. அந்த அடித்தண்டுப் பொறிப்புகள் உள்ள வாள்களை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பெருமையோடு காட்டுகிறார்கள்.

"குற்றவாளியைத்தானே வெட்டினார்கள்? அதுவும் செத்தபிறகுதானே?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

என்ன குற்றம் என்று கேளுங்கள். 1742-ல் தொகுத்த எடோ சட்டத்தின்படி பத்து ரியோ திருடினால் மரணம். அந்த மரணத்திலும் தரம் பிரித்திருந்தார்கள். ஒருவகைத் தண்டனையில் தலையோடு விஷயம் முடிந்தது. இன்னொரு வகையில் சொத்தும் பறிமுதல், உடலும் வாள் சோதனைக்கு. பத்து ரியோ திருடியவனுக்கு இந்த இரண்டாவது வகை. அதாவது, செத்தபிறகு வெட்டப்படுவதும் தண்டனையில் சேர்ந்ததுதான். 'இரண்டு உடல்' என்று தங்கத்தில் மின்னுகிறதே, அந்த இரண்டு பேரில் ஒருவன் வெறும் பணப்பையைத் திருடியவனாக இருக்கலாம். அவன் பெயர் அதில் இல்லை. வாள் செய்தவர் பெயர் இருக்கிறது. வெட்டியவர் பெயர் இருக்கிறது. வெட்டப்பட்டவன் வெறும் எண்ணிக்கை.

1870-ல் புதிய மெய்ஜி அரசாங்கம் இறந்த உடல்களை வைத்து வாள் சோதிப்பதையும் ஈரல் எடுப்பதையும் தடை செய்தது. 1876-ல் பொது இடங்களில் வாள் தரித்து நடப்பதற்கே தடை வந்தது. வாள் சோதனைக்கு வைக்கோலும் பாயும் மூங்கிலும் போதும் என்று ஆனது.

போதும் என்று ஆனதா?

1937. ஜப்பானிய ராணுவம் சீனத்தின் நான்ஜிங் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது டோக்கியோவின் முக்கியமான நாளிதழ் ஒன்று இரண்டு இளம் அதிகாரிகளைப் பற்றித் தொடர்ந்து செய்தி போட்டது. யார் முதலில் வாளால் நூறு பேரைக் கொல்வது என்று இருவருக்கும் போட்டியாம். டிசம்பர் 13-ம் தேதி செய்தியில் ஸ்கோர் 106-க்கு 105. இருவரும் வாளை ஊன்றிக்கொண்டு நிற்கும் போட்டோவும் போட்டார்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஜனங்கள் காலைக் காப்பியோடு படித்தார்கள். யுத்தம் முடிந்தபிறகு அந்த இருவரும் விசாரிக்கப்பட்டு 1948-ல் நான்ஜிங்கில் சுடப்பட்டார்கள். அந்தச் செய்தியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பத்திரிகைக் கைவண்ணம் என்று பிற்காலத்தில் ஜப்பானில் பெரிய சர்ச்சை நடந்தது, வழக்குக்கூடப் போனது. என்னைக் கேட்டால், பாதி கற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் விஷயம் இன்னும் மோசம். ஜனங்கள் ரசிப்பார்கள் என்று தெரிந்துதானே கற்பனை செய்திருக்கிறார்கள்!

மண்மேட்டிலிருந்து மனிதனை இறக்கி 67 வருஷம் ஆகியும் மனசிலிருந்து இறக்கவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்.

* * *

இப்போது ஸ்டாண்டுக்கு வருகிறேன். அதை நான் ஏன் கொண்டாடுகிறேன் என்பது செய்கிற விதத்தைச் சொன்னால்தான் புரியும்.

நல்ல கனமான மரக்கட்டை ஒன்று. நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் சதுரம், இடுப்புக்குக் கீழே நிற்கிற உயரம். கீழே இரண்டு சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, இரண்டிலும் பாதிப்பாதி செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி பொருத்த வேண்டும். கட்டை அதன் நடுவில் செங்குத்தாக நிற்கும். நான்கு பக்கமும் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். கால்கள் அகலமாக இல்லாவிட்டால் குப்புற விழும். அதற்கு மேலும் மணல் மூட்டையைத் தூக்கிக் கால்களின் மேல் வைப்பார்கள்.

ஏன் இவ்வளவு கனம்? மேலிருந்து சாய்வாக இறங்கும் வெட்டு பாயை ஸ்டாண்டோடு சேர்த்து அழுத்தும், பிரச்னை இல்லை. கீழிருந்து மேலே ஏறும் வெட்டு பாயை முளையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். படுக்கைவாட்டில் வரும் வெட்டு ஸ்டாண்டையே தள்ளப் பார்க்கும். லேசான ஸ்டாண்டு ஆடும். ஆடினால் வாள் திரும்பும். வாள் திரும்பினால் வெட்டுகிறவனின் காலுக்குத்தான் ஆபத்து.

கட்டையின் தலையில் துளை போட்டு உறுதியான மரத்தில் செய்த முளையை இறக்க வேண்டும். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன், ஒரு ஜாண் நீளம், நுனி கூராக. மிக முக்கியம், மேல்பகுதியில் ஆணியோ திருகாணியோ எங்கேயும் இருக்கக் கூடாது! வீச்சு தப்பி வாள் இரும்பில் பட்டால் கூர் சிதறும், வாளே முறியலாம். மர முளையில் பட்டால் முளை போகும், வேறு முளை அடித்துக்கொள்ளலாம். வாங்குகிறவனுக்கு ஆணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. செய்கிறவனுக்குத் தெரியும். வீட்டில் செய்வதில் உள்ள முதல் லாபம் இதுதான்.

அடுத்தது பாய். டாடாமி என்று ஜப்பானிய வீடுகளில் தரையில் பரப்பியிருப்பார்களே, அதன் மேல்விரிப்பு. இகுசா என்ற புல்லில் நெய்தது. பார்வைக்கு நம் பத்தமடைப் பாயின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். வீடுகளில் பழைய விரிப்பை மாற்றும்போது கழித்துப்போடுவதே இதற்கு உதவும். அதை இறுக்கமாகச் சுருட்டி, நாலைந்து இடத்தில் கட்டி, தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். குறைந்தது ஒரு ராத்திரி, சிலர் இரண்டு மூன்று நாள்கூட வைப்பார்கள்.   எடுத்துத் தண்ணீர் வடியவிட்டு, முளையில் செருகி நிறுத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டாண்டு செய்ய இரண்டு நாள். பாய் ஊற ஒரு நாள். சுருட்டிக் கட்ட அரை மணி. வெட்டு எவ்வளவு நேரம்? அரை விநாடி! வெட்டி முடித்ததும் சிதறிய பாய்த் துண்டுகளைப் பொறுக்கிக் கூட்டிப் பெருக்குவதும் வெட்டியவர் வேலைதான்.

அந்த அரை விநாடியில் ஸ்டாண்டு தீர்ப்புச் சொல்லிவிடும். வாளின் கூர் போகிற கோணமும் வீச்சின் பாதையும் ஒரே கோட்டில் இருந்தால் பாய் துண்டாகும், ஸ்டாண்டு அசையாது. கோணம் துளி தப்பினாலும் வாள் பாதியில் சிக்கும், அல்லது பாய் முளையைவிட்டுப் பறக்கும், அல்லது வாளே வளையும். பலமாக வெட்டுகிறேன் என்று தோளை முறுக்குகிறவனுக்கு அநேகமாக இதுதான் நடக்கும். சதைப்பற்றில்லாத வயதானவர் அலட்டிக்கொள்ளாமல் வீசுவார், பாய் வெண்ணெய் மாதிரி விழும்.

சினிமா இதை எப்படிக் காட்டியது? 1992-ல் வந்த 'தி பாடிகார்ட்' படத்தில் பட்டுத்துணி மிதந்து வந்து வாள் மேல் விழுந்து தானாகவே இரண்டாகும். 2003-ல் வந்த 'கில் பில்' படத்தில் பறந்து வருகிற பேஸ்பாலைக் கதாநாயகி வெட்டுவாள். இப்போது பாறை. எல்லாப் புகழும் வாளுக்கே! நிஜத்தில் ஊறவைத்த பாய் சொல்லும் பாடம், வாள் தானாக எதையும் வெட்டாது. தப்பு நடந்தால் அது உன் தப்பு. எந்த சினிமா ஹீரோவுக்காவது இந்தப் பாடத்தை யாராவது சொன்னார்களா?

* * *

"இதெல்லாம் ஜப்பான் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள்.

2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கேக் வெட்ட அரிவாள். போலீஸ் சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அதற்கப்புறமும் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டுக் கைதாகிற பையன்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கேக்கை வெட்ட பிளாஸ்டிக் கத்தி போதும். கேக் அங்கே குறி இல்லை. பார்க்கிறவர்கள்தான் குறி. 'இன்றைக்கு கேக், நாளைக்கு நீ' என்கிற சேதி அது. எடோ காலத்துத் தெருமுனையில் நின்றவனுக்கும் இவனுக்கும் துணிச்சலில் வேண்டுமானால் வித்தியாசம் இருக்கும்.

நம் பக்கமும் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதை நாம்தான் மறந்துவிட்டோம். விஜயதசமி அன்று பல ஊர்க் கோயில்களில் அம்பு போடும் திருவிழா நடக்கும். சாமி குதிரை வாகனத்தில் ஆயுதத்தோடு புறப்பட்டு வரும். அசுரன் யார்? நட்டுவைத்த வாழைமரம்! சம்ஹாரம் முடிந்து எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எந்த ஆயுதத்துக்குப் பூஜை? ரம்பம், உளி, இழைப்புளி, ஸ்பேனர், தையல் மெஷின், ஆட்டோ ரிக்ஷா. ஆயுதம் என்ற சொல்லை அரண்மனையிலிருந்து எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்த ஜனங்கள் நாம். அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் அரிவாளில் கேக் வெட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வருகிறது.

மனிதன் இருந்த இடத்தில் வேறு எதையாவது கொண்டுவந்து வைப்பதற்குத்தான் நாகரிகம் என்று பெயர். மண்மேட்டில் கிடந்தவனைத் தூக்கிவிட்டுப் பாயை வைத்தார்களே, அது. அசுரன் இடத்தில் வாழையை நட்டார்களே, அது. இரண்டு கட்சி நூறு கட்சியாக உடைந்தாலும் ஓட்டுப்பெட்டியை நடுவில் வைக்கிறோமே, அதுவும்தான். வெட்டுகிற ஆசை மனுஷனுக்குப் போகப்போவதில்லை. அது போய்விட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் தலைமையாசிரியரிடம் அனுப்பிவையுங்கள். ஆசை போகாது. ஆனால் அதன் எதிரில் எதை நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே சாத்வீகர்களே, 'வாளையும் வேண்டாம், ஸ்டாண்டையும் வேண்டாம், எல்லாவற்றையும் தடை செய்' என்று கிளம்பாதீர்கள். ஜப்பான் தடை போட்டு நிறுத்தவில்லை, கட்டுப்பாடு போட்டது. 1958-ல் போட்ட சட்டப்படி நிஜ வாளுக்குப் பதிவுச் சீட்டு இருந்தாக வேண்டும். உரிமம் பெற்ற கொல்லர்கூட மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. தடை செய்த வாள் ஒளிந்துகொள்ளும். கட்டையின் எதிரில் நிற்கிற வாளை நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீர ரசிகர்களே, நீங்களும் 'புனிதக் கலை' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். கலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாய்க்குப் பின்னால் பெயர் தெரியாத பத்து ரியோ திருடன் ஒருவன் கிடக்கிறான். அவனை மறைக்கிற நிமிஷம் கலை விளம்பரம் ஆகிவிடும். வெட்டுமுன் குனிந்து வணங்குகிறீர்களே, அவனையும் நினைத்துக்கொண்டு வணங்குங்கள். குறைந்து போய்விட மாட்டீர்கள்.

* * *

நம் பையன் கதைக்கு வருவோம்.

அவனை ஆசாரியிடம் அழைத்துப்போனேன். ஆசாரி முதலில் வாளைக் காட்டச் சொன்னார். கைப்பிடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே வாளின் அகலமான அடித்தண்டு இருக்கவேண்டிய இடத்தில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தது. வாள்காரர்கள் இதற்கு 'எலிவால்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டத்தான் ஆகும். வீசி எதன் மேலாவது அடித்தால் கம்பி முறிந்து வாள் தனியாகப் பறக்கும்.

"தம்பி, இதை வெச்சு வெட்டினா ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகாது. பின்னாடி நிக்கிறவனுக்குத்தான் ஆகும்" என்றார்.

பையன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் மரம் வாங்கியாகிவிட்டது. ஆசாரி அவன் கையில் ரம்பத்தைக் கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அறுத்தான், செதுக்கினான், மூலைமட்டம் வைத்துப் பார்த்தான், தப்பாக அறுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அறுத்தான். உள்ளங்கையில் கொப்புளம். முளையை அடித்து இறக்கிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, ஆன்லைன் பார்சலைப் பிரித்தபோது அது இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன்.

வாள் இப்போது சுவரில். முறையாகச் சொல்லித்தருகிற ஆசான் கிடைக்கிறவரை நிஜ வாளைத் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். ஸ்டாண்டு மொட்டைமாடியில். அவன் அம்மா அதில் கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் கட்டித் துணி காயப்போடுகிறார். மழையும் காற்றும் அடித்தும் அது அசையவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ வாள் கேட்டால் திட்டாதீர்கள். 'சரி, முதலில் ரம்பத்தைப் பிடி' என்று சொல்லுங்கள். வெட்டு வாங்கப்போகிற கட்டையைத் தன் கையால் செய்தவனுக்கு, எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பது வேறு யாரும் சொல்லாமலே புரிய ஆரம்பிக்கும்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்வியை மறந்துவிடாதீர்கள். உங்கள் கையில் வாள். எதிரில் யாரும் இல்லை என்றால், யாரை நிறுத்துவீர்கள்?

'யாரையும் இல்லை, ஒரு கட்டையை' என்று பதில் வந்தால் நீங்களும் நம் கட்சிதான்.